கர்ப்பிணியின் காமாலை யார் செய்த வினை?

மதுராந்தகம் முதல் மாமல்லபுரம் வரை எந்த ஊர்த் திண்ணையிலும் காதில் விழக்கூடிய பேச்சு இது. ஏழு மாதம் கடந்த பெண் ராத்திரி முழுக்க உள்ளங்கையையும் உள்ளங்காலையும் சொறிந்துகொண்டு தூங்காமல் கிடக்கிறாள். தோலில் தடிப்பு இல்லை, கொப்புளம் இல்லை. "பிள்ளைக்கு முடி முளைக்குது, அதான் அரிக்குது" என்கிறார் ஆயா. "கண்ணு பட்டிருக்கும், சுத்திப் போடு" என்கிறார் பக்கத்து வீட்டு அம்மா. கண் மஞ்சளித்துவிட்டால் பேச்சின் தொனியே மாறிவிடும். குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனால், "போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணாளோ" என்ற ஒரு வரி அந்தப் பெண்ணைச் சாகும்வரை விடாது.

துன்பம் எங்கிருந்து வருகிறது, அதை அனுபவிப்பவரே அதற்குக் காரணமா என்பது மனிதர் கேட்ட மிகப் பழைய கேள்விகளில் ஒன்று. கர்ப்பகாலத்தில் வரும் கல்லீரல் நோய்கள் அந்தக் கேள்வியை வேறெந்த நோயையும்விடக் கூர்மையாக எழுப்புகின்றன. துன்பப்படுவது இரண்டு உயிர்கள். அதில் ஓர் உயிர் இன்னும் எந்தச் செயலும் செய்யத் தொடங்காதது. நோயின் வேர் ஒரு சமயம் தாயின் உடலிலும், ஒரு சமயம் சேயின் உடலிலும், ஒரு சமயம் ஊர்க் குழாயிலும் இருக்கிறது. "யார் செய்த வினை?" என்று கேட்கிற ஊர், முதலில் இந்த மூன்று வேர்களையும் தோண்டிப் பார்த்தாக வேண்டும்.

தாயின் உடலில் இருக்கும் வேர்

கல்லீரல் நாள்தோறும் பித்தநீரைச் சுரந்து குடலுக்கு அனுப்புகிறது. கொழுப்பைச் செரிக்க அது தேவை. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்கள் உச்சத்துக்குப் போகின்றன. சில பெண்களுக்குக் கல்லீரல் செல்களிலிருந்து பித்தத்தை வெளியே தள்ளும் புரதங்கள் பிறவியிலேயே சற்று மந்தமாக இருக்கும். சாதாரண நாள்களில் அந்தக் குறை வெளியே தெரியாது. ஹார்மோன் பெருகும்போதுதான் பாதை தடைபட்டு, குடலுக்குப் போக வேண்டிய பித்த அமிலம் ரத்தத்தில் சேர்கிறது. அரிப்பு தொடங்குகிறது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அதிகம், இரவில் மிக அதிகம். மருத்துவர்கள் இதைக் கர்ப்பகாலக் கொலஸ்டாசிஸ், அதாவது பித்தநீர்த் தேக்கம் என்கிறார்கள். இரட்டைப் பிள்ளை சுமப்பவர்களுக்கும், ஹெபடைடிஸ் சி தொற்று உள்ளவர்களுக்கும், முந்தைய கர்ப்பத்தில் இது வந்தவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல். பிரிட்டனில் பொதுவாக ஆயிரம் கர்ப்பிணிகளில் ஏழு பேருக்கு இது வருகிறது. அங்கு வாழும் இந்திய, பாகிஸ்தானியப் பெண்களில் ஆயிரத்துக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து பேருக்கு வருகிறது.

தாய்க்கு இது பெரும்பாலும் தூக்கத்தைக் கெடுக்கும் தொல்லை. பிள்ளை பிறந்த சில நாள்களில் அரிப்பு நின்றுவிடும், சில வாரங்களில் ரத்தமும் சீராகும். ஆபத்து பிள்ளைக்குத்தான். பித்த அமிலம் நஞ்சுக்கொடி வழியாகச் சிசுவை அடைந்து அதன் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக் கூடும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். குறைமாதப் பிரசவம் நேரலாம். பிள்ளை வயிற்றுக்குள்ளேயே மலம் கழித்துவிடலாம். சில சமயம், நேற்றுவரை நன்றாக அசைந்த சிசு இன்று இறந்திருக்கும்.

இந்த ஆபத்தின் அளவை 2019இல் 'லான்செட்' இதழில் வந்த ஒரு பெரிய ஆய்வு தெளிவாக்கியது. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் கேத்தரின் வில்லியம்சன் குழுவினர், இந்த நோய் வந்த 5,000க்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் பித்த அமிலம் லிட்டருக்கு 40 மைக்ரோமோலுக்குக் கீழ் இருந்தவர்களில் சிசு இறப்பு 0.13 சதவீதம். 40க்கும் 100க்கும் இடைப்பட்டவர்களில் 0.28 சதவீதம். 100ஐத் தொட்டவர்களிலும் தாண்டியவர்களிலும் 3.44 சதவீதம். இந்த நோய் கண்ட பெரும்பாலான பெண்கள் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பெரும்பாலோரில் தான் ஒருத்தியா என்பது ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். 100ஐத் தாண்டினால் 35, 36ஆம் வாரத்திலேயே பிரசவம் பார்ப்பதை பிரிட்டன் மகப்பேறு மருத்துவர்களின் வழிகாட்டி பரிந்துரைக்கிறது. வழக்கமாகத் தரப்படும் உர்சோடியாக்ஸிகோலிக் அமில மாத்திரை சிலருக்கு அரிப்பைச் சற்றுக் குறைக்கும். அது பிள்ளையைக் காப்பதாக, 605 பெண்களிடம் நடத்தி 2019இல் வெளியான சோதனையில் தெரியவரவில்லை. ஆகவே மாத்திரை வாங்கிக்கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று குடும்பம் இருந்துவிட முடியாது.

மரபணுதான் காரணம் என்றால் அதுவே தலையெழுத்தின் வேறு பெயர்தானே என்று ஒருவர் கேட்கலாம். சிலி நாட்டின் அனுபவம் அதற்குப் பதில் சொல்கிறது. 1970களில் அங்கே மப்பூச்சே பழங்குடிப் பெண்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் இந்த நோய் வந்தது. உலகிலேயே அதுதான் உச்சம். பிறகு வந்த பத்தாண்டுகளில் சிலியில் நோயின் அளவு வெகுவாகக் குறைந்தது. மக்களின் மரபணு அத்தனை சீக்கிரம் மாறியிருக்க முடியாது. உணவும் வாழ்க்கைச் சூழலும் மாறியிருந்தன. பிறவியில் வந்தது அப்படியே இருக்க, விளைவு மாறிவிட்டது.

சேயிடமிருந்து வரும் வேர்

இரண்டாவது நோய் அரிது. ஏறக்குறைய 7,000 முதல் 16,000 கர்ப்பங்களில் ஒன்றில் வருவது. கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் கல்லீரலில் திடீரென்று கொழுப்பு படிந்து அது செயலிழக்கத் தொடங்கும். நிற்காத வாந்தி, மேல்வயிற்று வலி, மஞ்சள் காமாலை, ரத்தச் சர்க்கரை சரிவு, ரத்தம் உறையாமை என்று நிலைமை மணிக்கணக்கில் மோசமாகும். 1980களுக்கு முன்பு இது வந்த தாய்மார்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. இன்று உடனே பிரசவம் பார்த்துத் தீவிர சிகிச்சை கொடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள்.

இதன் காரணங்களில் ஒன்று 1990களில் தெரியவந்தது. இந்த நோய் கண்டவர்களில் ஒரு பகுதியினரின் வயிற்றில் இருந்த சிசுவுக்கு, நீண்ட கொழுப்பு அமிலங்களை உடைக்கும் நொதி இல்லை. சிசுவும் நஞ்சுக்கொடியும் உடைக்க முடியாமல் விட்ட பொருள்கள் தாயின் ரத்தத்தில் கலந்து அவள் கல்லீரலைத் தாக்குகின்றன. அந்தக் குறை சிசுவுக்கு வர, தாயிடமிருந்து ஒரு பழுதுபட்ட மரபணுவும் தந்தையிடமிருந்து ஒரு பழுதுபட்ட மரபணுவும் சேர்ந்து வந்திருக்க வேண்டும். இருவரும் நல்ல உடல்நலத்தோடு இருப்பவர்கள், தாங்கள் எதைக் கொடுக்கிறோம் என்று அறியாதவர்கள். இங்கே "அவள் செய்த பாவம்" என்ற பேச்சு எங்கே போய் நிற்கும்? தாயைத் தாக்கியது சேய். சேய்க்குக் கொடுத்ததில் பாதி அப்பாவுடையது. மூவரில் ஒருவரும் தீங்கு நினைக்கவில்லை. இந்த உண்மையை அறிந்ததால் கிடைத்த பலனும் உண்டு. இப்படிப் பிறந்த குழந்தையை உடனே சோதித்து உணவு முறையைச் சீராக்கினால் அதைக் காப்பாற்ற வழியிருக்கிறது. பழி சொல்லிவிட்டு நின்ற வீட்டில் அந்தச் சோதனை நடக்காது.

ஊர்க் குழாயில் இருக்கும் வேர்

மூன்றாவது நோய்தான் இந்தியாவில் கர்ப்பிணிகளை அதிகம் பலிகொண்ட காமாலை. ஹெபடைடிஸ் ஈ வைரஸ் மலம் கலந்த குடிநீர் வழியாகப் பரவுகிறது. மற்றவர்களுக்குச் சில வாரங்களில் தானே தணிந்துவிடும் காமாலை, நிறைமாதக் கர்ப்பிணிக்கு உயிருக்கே உலையாகும். கடைசி மூன்று மாதங்களில் இது தொற்றினால் நூற்றில் இருபது பேர், சில இடங்களில் இருபத்தைந்து பேர்வரை இறக்கிறார்கள்.

1955ஆம் ஆண்டு இறுதியில் யமுனை நதி திசை மாறி ஓடியதால், டெல்லியின் குடிநீர் எடுக்கும் இடத்துக்கு நஜஃப்கர் கால்வாயின் கழிவுநீர் வந்து சேர்ந்தது. ஏறக்குறைய 29,000 பேர் காமாலையில் விழுந்தார்கள். 1978இல் காஷ்மீரில் கிராமம் கிராமமாகக் காமாலை பரவியபோது டாக்டர் முகமது சுல்தான் குரூ வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தார். கர்ப்பிணிகளில் 17 சதவீதம் பேருக்கும் மற்றப் பெண்களில் 2 சதவீதம் பேருக்கும் நோய் வந்திருந்தது. நோய் வந்த கர்ப்பிணிகளில் ஐந்தில் ஒருவருக்கு மேல் கல்லீரல் செயலிழந்தது. இது அதுவரை அறியப்படாத புதிய கிருமி என்று அவர் சொன்னார். 1983இல் சோவியத் விஞ்ஞானி மிகாயில் பலாயன், நோயாளிகளின் மலத்திலிருந்து எடுத்த சாற்றைத் தானே உட்கொண்டு, நோயுற்று, அந்த வைரஸைக் கண்டுபிடித்துக் காட்டினார். 1991இல் கான்பூரில் கங்கை நீர் வழியாக இதே நோய் பரவியபோது பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 79,000 பேர் என்று மதிப்பிட்டார்கள்.

கங்கை என்றதும் மாமல்லபுரத்துப் பாறை நினைவுக்கு வராமல் போகாது. அர்ச்சுனன் தபசு என்றும் பகீரதன் தவம் என்றும் சொல்லப்படும் அந்தப் பல்லவர் காலச் சிற்பத்தின் நடுப்பிளவில் நாகங்கள் நீந்த, தேவரும் விலங்கும் கங்கை இறங்குவதைக் காணக் கூடியிருக்கிறார்கள். பகீரதன் கதையில் முன்னோரின் வினையைக் கழுவ வந்த நதி அது. அந்த நதிக்கரையில் ஒரு நகரமே நோயுற்றது. நதி புனிதம் இழந்துவிட்டதா என்பதல்ல கேள்வி. சாக்கடையை அதில் திருப்பிவிட்டது மனிதக் கை. செத்துப்போன நிறைமாதக் கர்ப்பிணிகள் யாரும் அந்த முடிவை எடுத்தவர்கள் அல்லர்.

இது வடநாட்டுச் செய்தி மட்டும்தானா? செங்கல்பட்டு மாவட்டத்தின் பல்லாவரத்தில் 2024 டிசம்பர் தொடக்கத்தில் பலர் வாந்தி, வயிற்றுப்போக்கோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், உயிரிழப்பும் நேர்ந்தது. குடிநீரில் கழிவுநீர் கலந்ததாக மக்கள் சொன்னார்கள், அதிகாரிகள் மாதிரிகளைச் சோதனைக்கு அனுப்பினார்கள். அது காமாலை அல்ல. ஆனால் கழிவுநீர் குடிநீரில் கலக்கும் எந்த இடமும் ஹெபடைடிஸ் ஈ நுழையக்கூடிய வாசல்தான். இதே மாவட்டத்துக் கடற்கரையில் நெம்மேலியில் 2013 முதல் நாளுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீர் குடிநீராகிறது. 2024 பிப்ரவரியில் 15 கோடி லிட்டர் திறனுள்ள இன்னோர் ஆலையும் திறக்கப்பட்டது. ஆலையில் எத்தனை சுத்தமாகப் புறப்பட்டாலும், தெருவில் விரிசல் விட்ட குழாய் சாக்கடையோரம் போகிறதென்றால் கர்ப்பிணியின் சொம்பில் விழுவது வேறு நீர்.

சமயங்கள் சொன்ன பதில்

இனி, வினையைப் பற்றி. மரபின் பேரால் பாதிக்கப்பட்டவளைப் பழிப்பவர்கள், அந்த மரபை முழுக்கப் படித்தவர்கள் அல்லர்.

கங்கைக் கரைக் காம்பில்ய நகரத்தில் ஆத்ரேயர் தம் மாணவர் அக்னிவேசருக்குச் சொன்னதாக, ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையின் விமான ஸ்தானம் மூன்றாம் அத்தியாயம் அமைந்திருக்கிறது. அக்னிவேசர் கேட்கும் கேள்வி இன்றைய திண்ணைப் பேச்சுக்கு நேரான மறுப்பு. உடல்வாகு, உணவு, வயது எல்லாம் ஆளுக்கு ஆள் வேறாக இருக்க, ஒரே நேரத்தில் ஊரே நோயில் அழிவது எப்படி? ஆத்ரேயர் நான்கு பொதுக் காரணங்களைச் சொல்கிறார்: காற்று, நீர், நிலம், காலம். இவை கெட்டால் எல்லாரும் கெடுவார்கள். இவை ஏன் கெடுகின்றன என்று மேலும் கேட்டால், நாட்டையும் நகரத்தையும் ஆள்பவர்கள் அறம் தவறுவதைக் காட்டுகிறார். ஆயுள் முழுக்க விதியால் முடிந்ததா என்ற கேள்வியும் அதே அத்தியாயத்தில் வருகிறது. வலுவான முயற்சி பலவீனமான விதியை வெல்லும் என்பது அங்கே கிடைக்கும் விடை. காம்பில்யம் இன்றைய உத்தரப் பிரதேசத்தின் ஃபரூக்காபாத் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கிருந்து அதே கங்கையில் கீழே போனால் கான்பூர்.

தொண்டை மண்டலம் ஒரு காலத்தில் பௌத்தத்தின் பெரிய களம். ஏழாம் நூற்றாண்டில் சீனத் துறவி யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்தார். அந்தப் பௌத்தத்தின் பாலி நூலான சம்யுத்த நிகாயத்தில் சீவகர் என்ற நாடோடித் துறவி புத்தரிடம் கேட்கிறார்: மனிதன் படும் இன்பதுன்பம் எல்லாமே முன்வினையால்தானா? இல்லை என்கிறார் புத்தர். துன்பத்துக்கு எட்டுக் காரணங்களை வரிசைப்படுத்துகிறார். பித்தம், கபம், வாதம், மூன்றும் கூடியது, பருவ மாற்றம், ஒழுங்கற்ற பழக்கம், பிறர் செய்யும் தீங்கு, இவை ஏழு. வினையின் விளைவு எட்டாவதாகத்தான் வருகிறது. வரிசையின் தலையில் நிற்பது பித்தம்.

சைவ சித்தாந்தம் வினையை மறுக்கவில்லை. முன் செய்து குவிந்த சஞ்சிதம், இப்பிறவியில் அனுபவிக்க வந்த பிராரத்தம், இப்போது செய்து இனி விளையப்போகும் ஆகாமியம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. ஒருத்தியின் நோய் பிராரத்தமா என்று அடுத்த வீட்டாரால் அறிய முடியாது. அவள் வாசலில் நின்று "அவ விதி" என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடிக்காமல் போனவர்கள் அன்றைக்குச் சேர்ப்பது தங்கள் ஆகாமியம். வினைக் கொள்கை ஒவ்வொருவரும் தன்னைப் பார்க்கச் சொன்ன கொள்கை. அதைப் பிறர் வயிற்றைக் காட்டி நீட்டும் விரலாக்கியது கொள்கையின் குற்றம் ஆகாது.

வள்ளுவர் 38ஆவது அதிகாரத்தில் ஊழின் வலிமையைச் சொன்னார். 62ஆவது அதிகாரத்தில் ஆள்வினை உடைமை, அதாவது விடாமுயற்சி. 95ஆவது அதிகாரம் மருந்து. நோயையும் அதன் முதலையும் தணிக்கும் வழியையும் தேடி அறிந்து செயல்படச் சொல்வது அந்த அதிகாரம். ஊழை நம்பியவர்தான் மருந்தையும் எழுதினார்.

அச்சிறுபாக்கத்து மலையில் மழை மலை மாதாவிடம் வேண்டிவரும் கிறித்தவக் குடும்பங்களுக்கு யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரம் தெரியும். பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று கேட்கிறார்கள். இருவரும் அல்ல என்கிறார் இயேசு. அப்படிச் சொன்ன கையோடு அவனுக்குப் பார்வை தருகிறார். கோவளத்தில் நபித்தோழர் தமீம் அன்சாரி அடங்கியிருப்பதாக நம்பப்படும் தர்காவுக்கு எல்லா மதத்தாரும் வருகிறார்கள். இஸ்லாமிய மரபில், கர்ப்பத்திலோ பிரசவத்திலோ இறக்கும் பெண்ணுக்கு ஷஹீத் என்னும் தியாகியின் நிலை உண்டு. ஒட்டகத்தைக் கட்டாமல் இறைவனை நம்பட்டுமா என்று கேட்டவருக்கு, முதலில் கட்டு, பிறகு நம்பு என்பது நபிகள் சொன்னதாக வரும் பதில்.

தமிழ் நாட்டுப்புறச் சமயம் இவற்றுக்கெல்லாம் குறையாத ஒன்றைச் செய்தது. பிள்ளையைச் சுமந்தபடியே இறந்த பெண்ணின் நினைவாகச் சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். தலைச்சுமையோடு வருபவர்கள் யார் துணையும் இல்லாமல் இறக்கிவைத்து இளைப்பாற, நெஞ்சளவு உயரத்தில் ஒரு கல். அவள் இறக்கிவைக்க முடியாமல் போன சுமையை வழிப்போக்கர்கள் இறக்கிவைத்தால் அவள் ஆன்மா ஆறும் என்ற நம்பிக்கை. அங்கே அவள் பாவம் செய்தாளா என்று யாரும் விசாரிக்கவில்லை. ஒரு சாவுக்குப் பதிலாக ஊருக்குப் பயன்படும் ஒன்றைக் கட்டினார்கள்.

ஏரி காத்தவர் யார்?

மதுராந்தகத்துக்காரர்கள் ஒரு கதை சொல்வார்கள். 1790களில் செங்கல்பட்டு ஜாகீரின் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ் துரை, மழைக்காலந்தோறும் உடையும் ஏரிக்கரையைப் பார்த்துக் கவலைப்பட்டார். ஊரின் ராமர் கோயிலில் தாயார் சன்னிதியைக் கட்டித் தரும்படி அர்ச்சகர்கள் கேட்டார்கள். உங்கள் சாமி இந்த ஆண்டு கரையைக் காத்தால் கட்டித் தருகிறேன் என்றார் துரை. பெருமழை இரவில் கரைக்குப் போனவர், வில்லோடு இரண்டு இளைஞர்கள் அங்கே காவல் நிற்பதைக் கண்டாராம். கரை உடையவில்லை. ஜனகவல்லித் தாயாருக்குச் சன்னிதி எழுந்தது. கோயிலில் இருப்பவர் ஏரி காத்த ராமர் ஆனார்.

பக்தர்களுக்கு இது ராமனின் அருள். அதைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அதே வேளையில் பிளேஸ் துரை இந்த ஜாகீரின் ஏரிகளைப் பழுதுபார்ப்பதில் முனைப்புக் காட்டிய அதிகாரி என்பதும் பதிவில் இருக்கிறது. ராமனை வணங்கும் ஊர், ராமன் பார்த்துக்கொள்வான் என்று மதகைச் சீராக்காமல் விடவில்லை, கலங்கல் அடைபட்டுக் கிடக்கவும் விடவில்லை. கர்ப்பிணிக்கும் இதுதான் நியாயம். வளைகாப்பும் வேண்டுதலும் மேல்மருவத்தூருக்குச் செவ்வாடை உடுத்திப் போவதும் அவளுக்குத் தெம்பு தரும். ரத்தப் பரிசோதனை அதற்குப் போட்டி இல்லை.

காமாலைக்கு மாலை போடுவதும் மந்திரிப்பதும் கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுப்பதும் இந்த வட்டாரத்தில் இன்றும் உண்டு. கீழாநெல்லி அலட்சியப்படுத்த வேண்டிய செடி அல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜன், நோபல் பரிசு பெற்ற பரூக் புளும்பெர்க் ஆகியோர் அடங்கிய குழு 1988இல் 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்ததில் 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. பிற நாடுகளில் பின்னர் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அது வேறு கிருமி, அவர்கள் கர்ப்பிணிகளும் அல்லர். செங்கல்பட்டை அடுத்த தண்டரையில் மூலிகைத் தோட்டம் வளர்க்கும் இருளர் பெண்களின் அறிவு பெரியது, மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் மணலில் படிகள் அமைத்துக் கன்னியம்மனை வணங்கும் அவர்கள் நம்பிக்கையும் பெரியது. ஆனால் நிறைமாதக் கர்ப்பிணியின் காமாலைக்கு மூலிகை பார்த்துக்கொண்டு மூன்று நாள் காத்திருப்பது, அந்த மூன்று நாளைக்குள் கல்லீரல் செயலிழப்பதற்கு வழிவிடுவதாகிவிடும்.

"ஏன் இறந்தாள்?" என்று கேட்கும் கடமை

தமிழ்நாடு இந்தத் தத்துவக் கேள்வியை ஓர் அரசுக் கடமையாகவே மாற்றியிருக்கிறது. 1990களில் தொடங்கி, பிரசவம் சார்ந்து இறக்கும் ஒவ்வொரு தாயின் சாவையும் தனித்தனியாக விசாரிக்கிறார்கள். கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்குப் போய் நடந்ததைக் கேட்டு எழுதுகிறார். மருத்துவமனை தன் பதிவேட்டை வைக்கிறது. மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் கூட்டம் நடக்கிறது. குடும்பத்தார் எந்த மணிக்கு ஆபத்தை உணர்ந்தார்கள், வண்டி கிடைக்க எவ்வளவு நேரம் ஆனது, மருத்துவமனையில் சேர்ந்த பிறகு சிகிச்சை தொடங்க எவ்வளவு நேரம் ஆனது என்று மூன்று தாமதங்களையும் தேடுகிறார்கள். யாரையும் தண்டிப்பதற்கான விசாரணை அல்ல இது. அடுத்தவள் சாகாமல் இருப்பதற்காக நடப்பது. சுமைதாங்கிக் கல் நட்டவர்களின் மனம் இந்தக் கோப்புகளிலும் இருக்கிறது.

பலன் கண்முன் இருக்கிறது. 2018-20 ஆண்டுகளுக்கான மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 54 பேர். இங்கே 99 சதவீதத்துக்கும் அதிகமான பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. 1965இல் தொடங்கிய செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு இந்தக் கடற்கரை முழுவதிலிருந்தும் சிக்கலான கர்ப்பங்கள் வருகின்றன. தலையெழுத்து என்று ஊர் கைவிட்டிருந்தால் இந்த எண் இறங்கியிருக்காது. அந்த 54 பேரின் சாவும் விதிதான் என்று இன்று ஒருவர் சொன்னால், நேற்றுவரை விதி என்று சொல்லப்பட்ட எத்தனையோ சாவுகள் தடுக்கப்பட்டுவிட்டன என்பதே அவருக்குப் பதில்.

கர்ப்பிணியின் காமாலை யார் செய்த வினை என்ற கேள்விக்கு விடை இப்படித்தான் அமைகிறது. பித்தநீர்த் தேக்கம் யார் குற்றமும் அல்ல. கல்லீரலில் கொழுப்பு படியும் நோய் யாரும் அறியாமல் இருவர் கொடுத்த மரபணுவின் சேர்க்கையாக இருக்கலாம். ஹெபடைடிஸ் ஈ, குழாயைக் காக்கத் தவறியவர்களும் அதைத் தட்டிக் கேட்காத ஊரும் செய்த வினை. மூன்றிலும் அந்தப் பெண்ணிடம் குற்றம் இல்லை. நோய் வந்தபின் அவளைத் தாமதிக்க வைப்பவர்களும் தங்கள் பங்குக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

ஆகவே இதைப் படிக்கும் மாமியார்களுக்கும் அம்மாக்களுக்கும் கணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கர்ப்பத்தின் பின்பாதியில் உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவில் அரித்தால், கண்ணோ சிறுநீரோ மஞ்சளித்தால், நிற்காமல் வாந்தி வந்தால், பிள்ளையின் அசைவு குறைந்தால், சுற்றிப் போடுவதைப் போட்டுவிட்டு அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஜி.எச்.சுக்கோ அழைத்துப் போங்கள். எல்.எஃப்.டி. என்னும் கல்லீரல் பரிசோதனையையும், எடுக்க முடிகிற இடத்தில் பித்த அமிலப் பரிசோதனையையும் நீங்களே கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி இல்லையென்றால் 108ஐ அழையுங்கள். கர்ப்பிணி குடிக்கும் நீர் ஒவ்வொரு சொட்டும் கொதிக்க வைத்து ஆறியதாக இருக்கட்டும். தமிழ்நாட்டுக் கிராமசபை மார்ச் 22, உலக நீர் நாளன்றும் கூடுகிறது. உங்கள் ஊர்த் தொட்டியில் குளோரின் எப்போது போட்டார்கள், குழாய் எங்கே உடைந்திருக்கிறது, நீர் மாதிரி கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது என்று எழுந்து நின்று கேளுங்கள், பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள்.